செல்வி அத்தையின் டம்ளர்

குழு: நம்ம வீடு

செல்வி அத்தை: (3 படங்கள்)
நிலா, நீ கொடுத்த ஓவியப் பயிற்சி மூன்றையும் முடித்துவிட்டேன். கோடு ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம், டம்ளர் ஒரு பக்கம். பார்த்துச் சொல்.

பெரியப்பா: அருமை செல்வி 👏👏

கார்த்தி: அம்மா கலக்கிட்டீங்க 🔥

அம்மா: டம்ளர் அப்படியே நம் வீட்டு டம்ளர்தான். சூப்பர்.

செல்வி அத்தை: எல்லாரும் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். டம்ளரில் என்னமோ உதைக்கிறது. எது என்றுதான் பிடிபடவில்லை.

நிலா: அத்தை, இப்போதுதான் வகுப்பு முடிந்தது. டம்ளர் பக்கத்தை மட்டும் மறுபடி போட்டோ எடுத்து அனுப்புங்கள். நோட்டை ஜன்னல் ஓரமாக வைத்து, போனை அதற்கு நேர் மேலே பிடியுங்கள். சாய்த்து எடுத்தால் வட்டம் நசுங்கித் தெரியும். கோணல் உங்கள் கையிலா, கேமராவிலா என்று எனக்குத் தெரியாமல் போய்விடும்.

செல்வி அத்தை: (படம்)

நிலா: இது தெளிவாக இருக்கிறது. முதலில் கோடு. சின்னக் கோடுகள் நன்றாக வந்திருக்கின்றன. புள்ளியில் தொடங்கிப் புள்ளியில் முடிகின்றன. நீளக் கோடுகளைப் பாருங்கள், எல்லாமே ஒரே பக்கமாக வளைகின்றன.

செல்வி அத்தை: வயசாச்சே, கை நடுங்குகிறது.

நிலா: நடுக்கம் இல்லை அத்தை. நடுங்கினால் கோடு நெளிநெளியாக இருக்கும். உங்கள் கோடு வழவழவென்று வளைகிறது. மணிக்கட்டை மேஜையில் ஊன்றிக்கொண்டு இழுக்கிறீர்கள். ஊன்றிய கை வட்டத்தின் ஒரு துண்டைத்தான் போடும்.

அம்மா: மார்கழியில் வாசலை அடைத்துக் கோலம் போடுகிறவளுக்கா கோடு வராது?

நிலா: அதையேதான் சொல்ல வந்தேன் அம்மா. கோலம் போடும்போது அத்தை கையைத் தரையில் ஊன்றுவதே இல்லை. தோளிலிருந்து முழுக் கையும் நகரும். பேப்பரிலும் அப்படியே போடுங்கள் அத்தை. இரண்டு புள்ளி வையுங்கள். பென்சில் தாளில் படாமல் இரண்டு மூன்று தடவை மேலேயே ஓட்டிப் பாருங்கள். அப்புறம் ஒரே வீச்சு. குறி தப்பினால் தப்பட்டும், அதன் மேலேயே இன்னொன்று போட வேண்டாம். மூன்றாவது வரிசையில் ஒரே கோட்டின் மேல் நாலைந்து தடவை ஓட்டியிருக்கிறீர்கள். அதில் உங்கள் கை எந்தப் பக்கம் போகிறது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. தப்பு கண்ணுக்குத் தெரிந்தால்தானே திருத்தலாம்?

பெரியப்பா: நான் டிராயிங் லோயர் கிரேடு எழுதியவன். அரசுத் தொழில்நுட்பத் தேர்வு. ஸ்கேல் இல்லாமல் கையாலேயே போடும் ஃப்ரீஹேண்ட் அவுட்லைன், பொருளைப் பார்த்துப் போடும் மாடல் டிராயிங் எல்லாம் உண்டு. எங்கள் வாத்தியார் வகுப்பில் ஸ்கேலைத் தொடவே விடமாட்டார். ரப்பரை எடுத்தால் முறைப்பார்.

நிலா: உங்கள் வாத்தியார் சொன்னதுதான் சரி பெரியப்பா. அத்தை, ரப்பரை ஒரு வாரத்துக்கு டிராயருக்குள் போட்டுவிடுங்கள்.

செல்வி அத்தை: சரி. டம்ளருக்கு வா.

நிலா: உங்களுக்கு உதைப்பது அடிப்பாகம். வாயை நல்ல வட்டமாகத் திறந்து போட்டிருக்கிறீர்கள், அடியை ஸ்கேல் வைத்தாற்போல் நேர்க்கோடாக முடித்திருக்கிறீர்கள். மேஜை தட்டை, அதனால் அடியும் தட்டை என்று மனசு சொல்லியிருக்கும். எல்லாருக்கும் முதலில் அப்படித்தான் சொல்லும். ஆனால் கண்ணுக்குத் தெரிவது வேறு. ஒரு டம்ளரை எடுத்து, வாய் விளிம்பு கண்ணுக்கு நேராக வரும்படி பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். அப்புறம் மெதுவாகக் கீழே இறக்குங்கள்.

அம்மா: நிலா, பாவம் அவள் ஆசையாக அனுப்பினாள். இத்தனை குறையா சொல்வது? பேசாமல் ஒரு பூ வரையச் சொல்லேன்.

நிலா: அம்மா, அத்தை கேட்டதே என்ன உதைக்கிறது என்றுதான். கேட்டவருக்கு வெறும் கைதட்டலை மட்டும் கொடுத்தால் நாளைக்கும் அதே டம்ளர்தான் வரும். அத்தையால் முடியும் என்று தெரிந்துதான் இவ்வளவு சொல்கிறேன். பூவுக்கும் இது வேண்டும். செம்பருத்தியைச் சற்றுச் சாய்வாகப் பார்த்தால் அதன் வாயும் நீள்வட்டம்தான்.

செல்வி அத்தை: அண்ணி, அவளைச் சொல்ல விடுங்கள். நான் அடுப்படியில் டம்ளரோடு நிற்கிறேன்.

செல்வி அத்தை: நிலா!! கண்ணுக்கு நேரே பிடித்தால் வாய் வெறும் கோடாகிவிட்டது. கீழே இறக்க இறக்கத் திறக்கிறது.

நிலா: அதேதான் 👏 அப்படியென்றால் மேஜையில் இருக்கும் டம்ளரில் எது கண்ணிலிருந்து அதிகம் கீழே இருக்கிறது, வாயா அடியா?

செல்வி அத்தை: அடி. அப்போது அடிதான் வாயைவிட அதிகமாக வளைய வேண்டும். நான் தலைகீழாகப் போட்டிருக்கிறேன்.

நிலா: ஆமாம். இன்னொன்று, வாயின் இரண்டு ஓரமும் கூராக முடிகிறது. நீள்வட்டத்துக்கு மூலை கிடையாது, ஓரத்திலும் உருண்டு திரும்ப வேண்டும். அடியின் பின்பக்க வளைவு மறைந்திருந்தாலும் லேசாக முழுசாய்ப் போட்டுப் பாருங்கள், கண்ணாடி டம்ளர் என்று நினைத்துக்கொண்டு. முன்வளைவு தானாகச் சரியாகும்.

கார்த்தி: ஷேடிங் எப்படி?

நிலா: அதை இப்போது தொட வேண்டாம். எவர்சில்வரில் அறை முழுக்கப் பிரதிபலிக்கும், ஆரம்பத்தில் குழப்பும். நிழல் பழக மண் உண்டியல் நல்லது. பளபளப்பு இல்லை, ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கமிருந்து விழுந்தால் இருட்டு எங்கே தொடங்குகிறது என்று தெளிவாகத் தெரியும்.

செல்வி அத்தை: பெட்டி?

நிலா: பெட்டியின் பக்கவிளிம்புகள் பின்னால் போகப் போக விரிகின்றன. தூரம் போகப் போக நெருங்க வேண்டும். நீங்கள் போட்ட பெட்டிகளின் மேலேயே சிவப்புப் பேனாவால் அந்த விளிம்புகளை நீட்டிப் பாருங்கள். இதற்கு மட்டும் ஸ்கேல் எடுக்கலாம். எந்தப் பெட்டி எங்கே தப்பியது என்று நான் சொல்லாமலே தெரியும். ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை. நாளைக்கு டம்ளரின் வாயும் அடியும் மட்டும், ஒரு பக்கம் முழுக்க.

செல்வி அத்தை: பென்சில் ஹெச்பி போதுமா?

நிலா: 2பி வாங்குங்கள், அழுத்தாமலே கருப்பு வரும். நீங்கள் அழுத்தியதில் பின்பக்கம்வரை தடம் விழுந்திருக்கிறது.

பெரியப்பா: என்னிடம் 2பி இருக்கிறது செல்வி. சாயங்காலம் நடக்கப் போகும்போது கொண்டு வருகிறேன். ஒரு தாளும் எடுத்து வை, நானும் டம்ளர் போட்டுப் பார்க்கிறேன்.