அம்மாவின் பெட்டிச் சீட்டுகளை ஒட்டிப் படமாக்குகிறேன். படம் ஏன் ஒன்றும் சொல்வதில்லை?

தோவாளைக்காரி:
அம்மா காலமான பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தபோது, கல்யாணப் பத்திரிகைகளும், வளைகுடாவிலிருந்து அப்பா அனுப்பிய கடித உறைகளும், பூச்சந்தைக் கணக்கு எழுதிய துண்டுச் சீட்டுகளும் கட்டுக்கட்டாக இருந்தன. தூக்கி எறிய மனம் வரவில்லை. ஆறு மாதமாக ஞாயிறு இரவுகளில் அவற்றை வெட்டி அட்டையில் ஒட்டி, கொலாஜ் செய்துவருகிறேன். டைரி எழுத உட்கார்ந்தால் இரண்டு வரிக்கு மேல் ஓடாத எனக்கு இது இதமாகத்தான் இருக்கிறது. ஆயினும் முடித்துப் பார்த்தால் வாழ்த்து அட்டை போல அழகாக இருக்கிறதே தவிர, என் மனத்தில் இருப்பது எதுவும் அதில் இல்லை. போதாக்குறைக்கு, ஆடி மழையில் தாள் சுருண்டு, பசை போட்ட இடத்தில் பூஞ்சணம் பிடிக்கிறது.

தக்கலை ஓவிய ஆசிரியர் (ஓய்வு):
சகோதரிக்கு வணக்கம். நீங்கள் கண்ணால் மட்டும் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. சாந்திநிகேதன் ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜி, 1950களின் பிற்பகுதியில் பார்வையை முழுவதுமாக இழந்த பிறகு, வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டியே படங்கள் செய்தார். கைக்கு அப்படி ஓர் அறிவு உண்டு. நிறம் பொருந்துகிறதா என்று பார்க்காமல், கை தானாகப் போகும் துண்டுகளை எடுத்து அட்டையில் பரப்பி, ஒட்டாமல் ஓரிரவு விட்டுவிடுங்கள். காலையில் எது நடுவில் இருக்கிறது, எதை எதன் அடியில் மறைத்தீர்கள், எதை வெளியே ஒதுக்கினீர்கள் என்று பாருங்கள். மூன்றாவது கேள்வியே முக்கியம். நான் ஓய்வு பெற்ற ஆண்டில் பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டியபோது, எல்லாவற்றிலும் ஏதோ ஒரு மூலையில் கரையேற்றிய வள்ளம் ஒன்று இருந்தது. அதை என் மனைவி சுட்டிக்காட்டும் வரை நான் கவனிக்கவே இல்லை.

வடசேரி பைண்டிங்காரர்:
பசையில் உள்ள நீரால் தாள் விரிந்து, காயும்போது அட்டையை இழுப்பதால்தான் சுருள்கிறது. வெள்ளைப் பசையை நீர் சேர்க்காமல், துண்டின் பின்புறம் மெல்லியதாகத் தடவி ஒட்டி, மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து, கனமான புத்தகங்களை ஓரிரவு ஏற்றி வையுங்கள். அட்டையின் பின்பக்கத்திலும் ஒரு தாளை ஒட்டினால் இரண்டு இழுப்பும் சமமாகிவிடும். எங்கள் தொழிலில் இது பாலபாடம். மைதாப் பசைதான் பூஞ்சணத்துக்குத் தீனி. அதில் நாங்கள் மயில் துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்போம். அது விஷம் என்பதால் வீட்டில் வேண்டாம். மெஷினில் அடித்துத் தரும் பஸ் டிக்கெட்டின் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். அதையும், அம்மாவின் கையெழுத்து உள்ள எதையும் நகல் எடுத்து, நகலைத்தான் வெட்ட வேண்டும்.

மார்த்தாண்டம் செவிலி:
அக்கா, படம் அழகாக இருப்பதில் என்ன குற்றம்? ஆசிரியர் ஐயா சொல்லும் கேள்விகளை உடனே கேட்டால், மனம் நல்ல பிள்ளையாக ஒரு பதிலைச் சோடித்துக் கொடுத்துவிடும். நான் ஒட்டி முடிக்கும் படங்களின் பின்புறம் தேதியை மட்டும் எழுதி, ஒரு மாதம் அலமாரியில் போட்டுவிடுகிறேன். பெட்டியைத் திறந்தாலே அழுகை முட்டுகிற நாள்களில் கத்தரியை எடுக்காமல், யாரிடமாவது அம்மாவைப் பற்றிப் பேசுங்கள்.

தோவாளைக்காரி:
மூவருக்கும் நன்றி. நேற்று எதையும் ஒட்டாமல் பரப்பி வைத்தேன். காலையில் ஒதுக்கி வைத்திருந்த குவியலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது: ஆறு மாதமாக அச்சடித்த பகுதிகளை மட்டுமே எடுத்துக்கொண்டு, அம்மா எழுதிய இடங்களையெல்லாம் வெட்டி நீக்கியிருக்கிறேன். அவருடைய கோணல் எழுத்தும் பிழைகளும் படத்தைக் கெடுக்கும் என்று நினைத்தேன் போலும். ‘பிச்சி 2, கேந்தி 5, பாக்கி சரோசாக்கா’ என்ற சீட்டு மட்டும் முழுதாக மிஞ்சியிருக்கிறது. அதை நகல் எடுக்க இன்று கடைக்குப் போகிறேன்.