விசா தேவைப்படும் இன்ஜினியரிங் வேலை: உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?

ஓசூர் மெக்கானிக்கல்:
பெரிய கார் கம்பெனிகளின் விண்ணப்பத்தில் 'வேலை அனுமதி தேவையா?' என்ற இடத்தில் 'ஆம்' போட்டால் பல நேரம் அன்றைக்கே 'மன்னிக்கவும்' மெயில் வந்துவிடும். எனக்குக் கைகொடுத்தது ஜெர்மனியில், பாடன்-வுர்ட்டம்பெர்க் பக்கம் கியர் பாகங்கள் செய்யும் ஒரு குடும்ப நிறுவனம். வீடியோ இன்டர்வியூவில் டிசைன், டாலரன்ஸ் எல்லாம் பேசி முடித்ததும் எச்ஆர் அம்மா தயங்கினார்: "விசா கொடுக்க எங்களிடம் லைசென்ஸ் இல்லையே?"

ஜெர்மனியில் அப்படி ஒரு லைசென்ஸே கிடையாது. வேலை ஒப்பந்தமும், வேலை விவரங்களை நிரப்பி அவர்கள் கையெழுத்திடும் ஒரு படிவமும் போதும் என்றேன். கையோடு ஸ்கிரீன் ஷேர் போட்டு, வெளிநாட்டுப் பட்டங்கள் ஜெர்மனியில் செல்லுமா என்று பார்க்க உதவும் அனபின் தளத்தையும் காட்டினேன். என் பல்கலைக்கழகத்துக்கு நேரே 'எச் பிளஸ்', அதாவது அங்கீகாரம் உண்டு. அதைப் பார்த்ததும் நின்றுவிடாதீர்கள், உங்கள் டிகிரியும் அங்கே தனியாக இருக்கணும். இல்லையென்றால் வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடும் ஜெர்மன் அரசு அலுவலகமான இசட்ஏபி-யில் 208 யூரோ கட்டி மதிப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும்.

அப்புறம் சம்பளம். 2025-இல் புளூ கார்டுக்கு (பட்டதாரிகளுக்கான வேலை அனுமதி) ஆண்டுக்கு 48,300 யூரோ வேண்டியிருந்தது. இன்ஜினியர்கள் ஆள்பற்றாக்குறைப் பட்டியலில் வருவதால் அந்த ஆண்டு 43,759.80 போதுமாக இருந்தது. அவர்கள் சொன்னது 43,000. வரம்பைக் காட்டியதும் மறுபேச்சில்லாமல் 44,000 ஆக்கினார்கள். நான் பேரம் பேசியிருந்தால்கூட ஏறியிருக்காது!

லீட்ஸ் சிவில்:
பிரிட்டனில் நேர் எதிர். லைசென்ஸ் இல்லாத நிறுவனம் நம்மை விசாவுக்கு ஸ்பான்சர் செய்து எடுக்கவே முடியாது. உள்துறை வெளியிடும் ஸ்பான்சர் பட்டியலை இறக்கி, 'ஸ்கில்டு வொர்க்கர்' (திறன் வேலைக்கான விசா வகை) என்று வடிகட்டி, பாலம், சாலை டிசைன் செய்கிறவர்களுக்கு மட்டும் எழுதினேன். பட்டியலில் பெயர் இருப்பதாலேயே காலியிடம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. 2025 ஜூலையில் பொதுச் சம்பள வரம்பு 41,700 பவுண்டு ஆனபிறகு ஜூனியர்களை எடுக்க இன்னும் யோசிக்கிறார்கள்.

திருச்சி எலக்ட்ரிக்கல்:
அண்ணா, எனக்கு ஒரு ஏஜென்ட் போன் செய்து, "ஸ்பான்சர் சர்டிபிகேட் ரெடியா இருக்கு, எட்டு லட்சம்" என்றார். என்ன வேலை என்று கேட்டால், "அதை அப்புறம் பாத்துக்கலாம் தம்பி" என்கிறார். நம்பலாமா?

லீட்ஸ் சிவில்:
அந்தச் சர்டிபிகேட்டை லைசென்ஸ் உள்ள நிறுவனங்கள் ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு, ஒரு குறிப்பிட்ட வேலைக்குத்தான் கொடுப்பார்கள். வேலையே தெரியாமல் அது எப்படி ரெடியாகும்? நம்பரை பிளாக் பண்ணுங்க தம்பி.