ஏ.டி.எச்.டி.: 11 மணிக்குப் படுத்தாலும் 2 மணிக்குத்தான் தூக்கம்

கேள்வி:
ஏ.டி.எச்.டி. (கவனம் சிதறும் குறைபாடு), கூடவே நாள்பட்ட தூக்கமின்மை. அதற்கான மாத்திரை, நீண்ட நேரம் வேலை செய்யும் மெத்தில்ஃபெனிடேட், காலை 10.30-க்கு. 11-க்குப் படுத்தால் 2 வரை புரளல். லீவு நாளில் மட்டும் 2 முதல் 10 வரை நல்ல தூக்கம். மற்ற நாள் 7-க்கு அலாரம். படுக்கும்போது மெலடோனின் (இரவு வந்ததை உடம்புக்குச் சொல்லும் ஹார்மோன்) 5 மி.கி. போட்டும் பலனில்லை. மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா?

பதில் 1:
லீவு நாளில் எட்டு மணி நேரம் முழுசாகத் தூங்குகிறீர்களே, அதுதான் துப்பு. தூக்கம் கெடவில்லை, உடம்பின் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது. ஏ.டி.எச்.டி.யில் இது சகஜம். மெலடோனின் சுரக்கத் தொடங்குவதே தாமதம்.

படுக்கும் நேரத்தை விடுங்கள், எழும் நேரத்தைப் பிடியுங்கள். லீவு நாளில் முதலில் 9.30, பிறகு இரண்டு மூன்று நாளுக்கு அரைமணி வீதம் முன்னே. எழுந்ததும் 30 நிமிடம் வெளியே வெளிச்சத்தில் நில்லுங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: தானாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே பளீர் வெளிச்சம் பட்டால் கடிகாரம் இன்னும் பின்னே போகும். உங்களுக்கு 10 என்பதால், இப்போதைக்கு 8 வரை மங்கலாகவே இருக்கட்டும்.

மெலடோனினை நீங்கள் தூக்க மாத்திரை மாதிரி போடுகிறீர்கள். கடிகாரத்தை நகர்த்த 0.5 மி.கி.யே போதும், ஆனால் நிஜமாகத் தூங்கும் நேரத்துக்கு (உங்களுக்கு 2 மணி) சுமார் 5 மணி நேரம் முன்பு, அதாவது இரவு 9-க்கு. டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள். போட்டபின் வண்டி ஓட்ட வேண்டாம்.

பதில் 2:
மெத்தில்ஃபெனிடேட்டை நிறுத்த வேண்டாம், போடும் நேரத்தை முன்னே தள்ளுங்கள். அது 8 முதல் 12 மணி நேரம் வேலை செய்யும், 10.30-க்குப் போட்டால் இரவு 10.30 வரை இழுக்கலாம். 7.30 நல்லது. ஆனால் சிலருக்கு மருந்தின் வேகம் குறையும்போதுதான் மனம் தறிகெட்டு ஓடும். அவர்களுக்குச் சிகிச்சையே வேறு. எது என்று தெரிய ஒரு வாரம் நான்கே எண்கள் குறியுங்கள்: மாத்திரை, கடைசி காபி, விளக்கணைப்பு, எழுந்த நேரம். இதைவிடப் பெரிய டைரி மூன்றாம் நாளே நின்றுவிடும்.

பதில் 3:
தூக்கம் வராமல் 20 நிமிடம் போனதாகத் தோன்றினால் எழுந்துவிடுங்கள், மணி பார்க்காமல். கையில் போன் வந்தால் விடிந்துவிடும். முன்கூட்டியே நாற்காலி, மங்கல் விளக்கு, ஏற்கெனவே படித்த புத்தகம் தயாராக இருக்கட்டும். இரவு 11-க்கு ஓர் அலாரம், அடுத்த அறையில். படுப்பது கஷ்டமில்லை, கையிலிருக்கும் வேலையை விடுவதுதான் கஷ்டம்.

மாலையில் கால் குறுகுறுத்து ஆட்டத் தோன்றினால் ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். 75 நானோகிராம்/மி.லி.க்குக் கீழே என்றால் இரும்புச்சத்து பற்றி டாக்டரிடம் பேசலாம். தூக்கத்துக்கென்று விற்கும் அலர்ஜி மாத்திரைகள் இந்தக் கால் தொல்லையைக் கூட்டும்.

கேள்வி கேட்டவர்:
7.30-க்கு மாத்திரை போட மறந்தால்?

பதில் 2:
மாத்திரையும் தண்ணீரும் அலாரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். விழுங்கிவிட்டு மறுபடி படுத்தாலும் பரவாயில்லை. எத்தனை மணிக்கு மேல் அன்றைய மாத்திரையை விட்டுவிடலாம் என்று டாக்டரிடம் கேட்டு, டப்பா மேலேயே எழுதி ஒட்டுங்கள்.