தெளிந்துவிட்டதா என்று குடித்தவருக்கே தெரியுமா?

கேள்வி: குடித்த நண்பர் "நான் நிதானமாத்தான் இருக்கேன்" என்கிறார். வண்டி எடுக்கும் முன் தன் நிலையை அவரே உணர வழி உண்டா?

பதில் 1: உணர்வை நம்பவே வேண்டாம். தன்னை எடைபோடும் திறனைத்தான் மது முதலில் மழுங்கடிக்கிறது. ரத்தத்தில் அளவு இறங்கத் தொடங்கியதும் தெளிந்ததாகத் தோன்றும். பிரேக் பிடிக்கும் வேகம் அப்போதும் திரும்பியிருக்காது. பயங்கரமான நேரம் அதுதான்.

பதில் 2: மூச்சில் மதுவை அளக்கும் ஊதும் கருவி இருந்தால், கடைசி மிடறுக்குப்பின் 15 நிமிடம் பொறுங்கள். வாயில் தங்கிய மது, கருவியில் வரும் எண்ணைக் கூட்டிக் காட்டும். 30 நிமிடம் கழித்து மறுபடி ஊதுங்கள்; ஏறியிருந்தால் உச்சம் இன்னும் வரவில்லை. குறைந்த எண் ஓட்டுவதற்கான அனுமதி அல்ல.

பதில் 3: 100 மி.லி. ரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மி.கி. மதுதான் குறையும். 80 மி.கி. இறங்க 5 மணி நேரத்துக்கு மேல் ஆகும். காபி, குளியல் உதவாது. முதல் கிளாஸுக்கு முன்பே சாவியை வாங்கி வைத்துவிடுங்கள்.