மாமாவின் கேள்விக்கு என் பதில்: மளிகைக்கடைக்காரர் மகள்

அன்புள்ள சொந்தங்களுக்கு, வணக்கம்.

போன வாரம் மாமா எழுதிய மடலை இரண்டு முறை படித்தேன். பேத்தி சட்டம் படிக்க ஆசைப்படுகிறாள், பெண் பிள்ளையை நம்பி யார் வழக்கைக் கொடுப்பார்கள் என்று வீட்டில் பேசுகிறார்களாம். மாமா, நான் இருக்கும் மேடிசனில் (அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் தலைநகர்) வாழ்ந்த ஒரு பெண் நீதிபதியைப் பற்றி உங்களுக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

அவர் ஷெர்லி ஆபிரகாம்சன். போலந்திலிருந்து பிழைக்க வந்த யூதப் பெற்றோர், நியூயார்க்கில் மளிகைக்கடை வைத்திருந்தார்கள். 1956இல் இந்தியானா பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்தபோது வகுப்பில் அவர் ஒருவர்தான் பெண், முதலிடமும் அவருக்குத்தான். அப்படியிருந்தும், பெண்ணை எந்த வக்கீல் அலுவலகமும் சேர்க்காது, வேண்டுமானால் சட்ட நூலகத்தில் வேலை தேடலாம் என்றார் கல்லூரி முதல்வர். மாமா, இது அப்படியே நம் வீட்டுப் பேச்சு அல்லவா?

அவர் மேடிசனுக்கு வந்து மேற்படிப்பு முடித்தார், வக்கீலாகத் தொழில் செய்தார், பல்கலைக்கழகத்தில் பாடமும் நடத்தினார். 1976இல் ஆளுநர் அவரை விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றத்தில் அமர்த்தினார். அதுவரை அங்கே ஒரு பெண் நீதிபதிகூட இருந்ததில்லை.

நம் நாட்டைப் போல அல்ல, இங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி உச்ச நீதிமன்றம் உண்டு. விஸ்கான்சினில் ஏழு நீதிபதிகள். பத்தாண்டுக்கு ஒருமுறை மக்களிடம் ஓட்டுக் கேட்டு ஜெயிக்கவேண்டும். அவர் நான்கு முறை ஜெயித்தார். கடைசித் தேர்தல் நடந்த 2009இல் நான் இங்கே மாணவன். விசாரணையை யாரும் போய்ப் பார்க்கலாம் என்பதால் ஒருநாள் போய் உட்கார்ந்தேன். நடு இருக்கையில் எழுபத்தைந்து வயது தாண்டிய பெண்மணி, இரு தரப்பு வக்கீல்களையும் கேள்விகளால் துளைத்துக்கொண்டிருந்தார். அம்மாவின் நினைவு வந்தது.

ஆபிரகாம்சன் 1996 முதல் தலைமை நீதிபதி. 2015இல் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள்: பணிமூப்பின்படி வந்த அந்தப் பதவிக்கு இனி நீதிபதிகளே ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று. சக நீதிபதிகள் வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆபிரகாம்சன் வழக்குத் தொடுத்தார், தோற்றார். இன்றுவரை எனக்கு அதில் மனம் ஆறவில்லை. ஆனால் அவர் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. சாதாரண நீதிபதியாக 2019 வரை அதே நீதிமன்றத்தில் தீர்ப்பு எழுதினார். மொத்தம் 43 ஆண்டுகள். 2020 டிசம்பரில், 87 வயது நிறைந்த இரண்டாம் நாள் காலமானார்.

மாமா, நுழைவுத் தேர்வுக் கட்டணமும் முதல் வருடப் புத்தகச் செலவும் என் பொறுப்பு. பேத்தியை எனக்கு நேரடியாக எழுதச் சொல்லுங்கள். அத்தையிடம் நானே பேசுகிறேன்.