பைட்டர் மீன் அடியிலயே கிடக்குது, வால் கரைஞ்சு போகுது – என்ன வருத்தம் இது?

உரும்பிராய்_கயல்:
வணக்கம். தம்பின்ர பைட்டர் ஒண்டு, நீலக் கலர், ஆவணியில வாங்கினது. போன கிழமை வரைக்கும் ஆராவது கிட்டப் போனாலே கண்ணாடியில வந்து முட்டுற ஆள், இப்ப மூண்டு நாளா செட்டையெல்லாம் ஒடுக்கிக்கொண்டு அடியில சாஞ்சு கிடக்கிறார், சாப்பாடு போட்டா ஒருக்கா வாயில எடுத்துத் துப்பிப்போட்டுப் போறார். வால் நுனி கறுத்து, கிழிஞ்ச சீலை மாதிரி இருக்கு. கடையில கேட்டா வெள்ளைப்புள்ளி நோய் எண்டு சொல்லி ஒரு நீல மருந்து தந்தவர், ஆனா நான் எப்பிடிப் பாத்தும் ஒரு புள்ளியையும் காணேல்ல. மருந்து விட்டதில தண்ணி மை மாதிரி வந்து இப்ப மீனையே காணேல்ல 😭

இருக்கிறது மூண்டு லீற்றர் கண்ணாடிப் போத்தல். பில்ரர் ஒண்டும் இல்லை, பைட்டருக்குத் தேவையில்லை எண்டு தானே எல்லாரும் சொல்லுகினம். ஒவ்வொரு ஞாயிறும் தண்ணி முழுக்க ஊத்திப்போட்டு, போத்தலைச் சவுக்காரம் போட்டுக் கழுவி, புதுக் கிணத்துத் தண்ணி விடுறனாங்கள். அம்மா மஞ்சள் போடச் சொல்லுறா. போடலாமோ?

கொக்குவில்_பெடியன்:
அக்கா அது செட்டை அழுகல். பாமசியில ரெற்றாசைக்கிளின் வாங்கி, குளிசையை உடைச்சு அரைவாசித் தூளைத் தண்ணியில போடுங்கோ. என்ர சிநேகிதன் அப்பிடித்தான் செய்தவன்.

பழைய_தொட்டிக்காரன்:
தம்பி சொன்ன வருத்தம் சரி, மருந்துதான் பிழை. ரெற்றாசைக்கிளின் சுண்ணாம்புத் தண்ணியில கல்சியத்தோட ஒட்டிப் போயிடும், மீனுக்கு ஒண்டும் போய்ச் சேராது. எங்கட ஊர்த் தண்ணி எப்பிடியெண்டு கேத்திலுக்குள்ள படியுற வெள்ளையைப் பாத்தாலே தெரியும் தானே. தண்ணிதான் மண்ணிறமாகும், மீன் அப்பிடியே கிடக்கும். மஞ்சளும் வேண்டாம், அம்மாட்ட நான் சொன்னதெண்டு சொல்லுங்கோ.

தங்கச்சி, முதல்ல வீட்டு லைற்றை நூத்துப்போட்டு ரோச் ஒண்டைப் பக்கவாட்டில பிடிச்சுப் பாருங்கோ. உடம்பில தங்கத் தூள் தூவின மாதிரி மினுங்கினா அது வெல்வெட் எண்டுற ஒட்டுண்ணி வருத்தம், அதுக்கு வைத்தியம் வேற. வெள்ளைப்புள்ளி எண்டா ரவை ஒட்டின மாதிரித் தெளிவாத் தெரியும், தேடத் தேவையில்லை. மேலயிருந்து பாக்கேக்க செதில் எல்லாம் அன்னாசித் தோல் மாதிரி எழும்பி நிண்டா அது நீர்க்கோவை, உண்மையைச் சொன்னா அதில தப்பிறது குறைவு. வயிறு வீங்கி ஒரு பக்கமா மிதந்தா அனேகமா சாப்பாடு கூடினது, ரெண்டு மூண்டு நாள் பட்டினி போட்டாலே கன மீன் சரிவரும். உங்கட ஆளுக்கு நீங்கள் சொல்லுறதைப் பாத்தா இதொண்டும் இல்லை, தண்ணி கெட்டு, அதால உடம்பு இளகி, செட்டையில கிருமி பிடிச்சிருக்கு.

பைட்டர் மேல வந்து காத்து எடுக்கிற மீன் தான், அதால மூச்சு முட்டாது, ஆனா அதின்ர கழிவு எங்க போகும்? அதே மூண்டு லீற்றருக்குள்ள அமோனியாவா நிக்கும். காரத் தண்ணியில அதே அளவு அமோனியா இன்னும் கூட நஞ்சு, எங்கட கிணத்துத் தண்ணி அந்தப் பக்கம் தான். திங்கள் நல்லா இருப்பார், சனி வரேக்க நஞ்சுக்குள்ள இருப்பார், ஞாயிறு ஒரேயடியா எல்லாம் மாறி அதிர்ச்சி. சவுக்காரம் இனிக் கிட்டவும் கொண்டு போகாதேங்கோ, வெறும் தண்ணியில உரஞ்சினாக் காணும்.

இண்டைக்கே ஒரு வாளி எடுங்கோ, சவுக்காரம் படாத புதுசு. 12 லீற்றர் தண்ணி விட்டு ஒரு இரவு வைச்சிட்டு, போத்தலும் வாளியும் ஒரே சூட்டுக்கு வந்தாப் பிறகு மீனை மாத்துங்கோ. மூடி வேணும், பாய்வார். உப்பு 4 லீற்றருக்கு ஒரு தேக்கரண்டிக் கணக்கு, அப்ப மூண்டு. கல்லு உப்பு நல்லது, கறியுப்பில இருக்கிற அயோடின் அளவு மீனைக் கொல்லும் எண்டு சொல்லுறதெல்லாம் பெரிசுபடுத்துற கதை. வேற பாத்திரத்தில கரைச்சு, ஒவ்வொரு தேக்கரண்டியா அரை நாள் இடைவெளியில விடுங்கோ, நேர வாளிக்குள்ள கொட்டாதேங்கோ. ஒவ்வொரு நாளும் மூண்டில ஒரு பங்கு மாத்தோணும், எவ்வளவு தண்ணி எடுத்தனீங்களோ அந்த அளவுக்கு மட்டும் உப்புத் திரும்பச் சேருங்கோ. 10 நாளுக்கு மேல உப்பு வேண்டாம். சூடு 26, 27 பாகை நிண்டா நல்லது, இப்ப தையில இரவுக் குளிர் கூட, ஹீற்றர் இல்லாட்டி வாளியை யன்னலடியில வைக்காதேங்கோ. ஆனா வாயடியில வெள்ளைப் பஞ்சு மாதிரி வந்தா சூட்டைக் கூட்டக் கூடாது, அந்தக் கிருமிக்குச் சூடு எண்டாக் கொண்டாட்டம், உடன இங்க எழுதுங்கோ.

உரும்பிராய்_கயல்:
சரியான நன்றி அண்ணா. ரோச் பிடிச்சுப் பாத்தன், மினுக்கம் ஒண்டும் இல்லை, செதிலும் படிஞ்சுதான் இருக்கு. தம்பின்ர பள்ளிக்கூடச் சிநேகிதன்ர வீட்ட தண்ணி சோதிக்கிற ரெஸ்ற் கிற் இருந்தது, போத்தல் தண்ணி அமோனியாவுக்குக் கடும் பச்சையா வந்திட்டுது, அப்பிடியெண்டா நல்லாக் கூட. ஆனா இன்னொண்டு, வாளிக்கு எடுத்த புதுக் கிணத்துத் தண்ணியிலயும் நைத்திரேற்று கூடக் காட்டுது. மீனே போடாத தண்ணியில அது எப்பிடி??

வெங்காயத்தோட்டம்:
நானும் உரும்பிராய்ப் பக்கம் தான் பிள்ளை. எங்கட கிணறுகள் அப்பிடித்தான், தோட்டத்துக்குப் போடுற யூரியாவும் கக்கூசுக் குழித் தண்ணியும் சுண்ணக்கல்லுக்குள்ளால நேர இறங்குது. குடிதண்ணிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லுற அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம், யாழ்ப்பாணத்து வலிகாமப் பக்கத்துத் தோட்டக் கிணறுகள் கன இடத்தில அதைத் தாண்டும். மீனை விடுங்கோ, வீட்டில போத்தல் பால் குடிக்கிற கைக்குழந்தை இருந்தா அந்தத் தண்ணியில பால் கரைக்காதேங்கோ.

மீனுக்கு நான் செய்யிறது, மாரியில பீலித் தண்ணி பிடிச்சு வைக்கிறது. முதல் மழை கூரை கழுவிப் போகட்டும், பிறகு பிடியுங்கோ. அரைவாசி மழைத்தண்ணி அரைவாசி கிணத்துத்தண்ணி. தனி மழைத்தண்ணி விடாதேங்கோ, அதில ஒரு சத்தும் இல்லை. பைப் தண்ணி எண்டா குளோரின் நிக்கும், அதுக்குரிய மருந்து விடோணும். கொட்டங்காய் மரத்துக் காஞ்ச சருகு ஒண்டு கழுவிப் போடுங்கோ, தண்ணி தேத்தண்ணிக் கலருக்கு வரும், பைட்டருக்கு நல்ல விருப்பம். எங்கட தண்ணியின்ர காரத்தை அது பெரிசாக் குறைக்காது, உதுக்கெண்டு கடையில காசு குடுத்து வாங்குறவையைப் பாத்தா எனக்குச் சிரிப்புத்தான், றோட்டில கூட்டி எரிக்கிற சருகு.

கொக்குவில்_பெடியன்:
ஐயோ, நான் போன வருசம் ரெண்டு பைட்டருக்கு அந்தக் குளிசை போட்டனான். ரெண்டும் செத்திட்டுது. சிநேகிதன்ர மீனும் பிழைக்கேல்ல எண்டு இப்பதான் கேட்டு அறிஞ்சன்.

உரும்பிராய்_கயல்:
9 நாள் ஆச்சு. சாப்பிடுறார், நேற்று விடிய மேல நுரைக்கூடும் கட்டியிருக்கிறார்!! பக்கத்துத் தோட்டத்து மாமா பீலித் தண்ணி ஒரு கலன் தந்தவர். ஆனா பயம் ஒண்டு, வால் விளிம்பு முழுக்க வெள்ளையா, கண்ணாடித்தாள் மாதிரி ஒரு கரை வருது. பங்கசோ? நீல மருந்து மிச்சம் இருக்கு, விடட்டோ?

பழைய_தொட்டிக்காரன்:
விடாதேங்கோ! பஞ்சு மாதிரிப் பொங்கி நிண்டாத்தான் பங்கசு. கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிசா, செட்டையோட சேந்து வாறது புதுச் செட்டை, கலர் பிறகுதான் ஏறும். நாளையில இருந்து மாத்துற தண்ணிக்கு உப்புச் சேராதேங்கோ, அது தானாக் குறைஞ்சு போகட்டும். திரும்ப அந்தப் போத்தலுக்குள்ள மட்டும் விடாதேங்கோ, அதுக்குள்ள தம்பியை ஊறுகாய் போடச் சொல்லுங்கோ.