ஆயா வீட்டு முகப்பில் டிரம்ஸ் பதிவு: எதிரொலியை எப்படி அடக்குவது?

காரைக்குடியில் நாங்கள் நான்கு பேர், 1970களின் புரோகிரசிவ் ராக் பாணியில் சொந்தமாகப் பாட்டு போடுகிறோம். மூன்று வாரமாக டிரம்ஸ் பதிவு நகரவில்லை.

இடம் ஆயா வீட்டு முகப்பு, அதாவது வாசலை ஒட்டிய முன்கூடம். 40க்கு 20 அடி, உயரம் 18. ஆத்தங்குடிக் கல் தரை, கண்ணாடி மாதிரி வழுக்கும் சுண்ணாம்புச் சுவர். ஒரு தடவை கை தட்டினால் 'டர்ர்ர்' என்று நீள்கிறது. 4/4 தாளம் சமாளிக்கிறது. ஏழு எண்ணிக்கை கொண்ட 7/8 வந்தால் ஸ்னேர் (சுரீரென்று ஒலிக்கும் டிரம்) அடிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடுகின்றன. இந்த இசைக்கு அந்த எண்ணிக்கைதான் உயிர்.

ஜமுக்காளம் விரித்தோம். இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுவரில் சாய்த்தோம். எஸ்எம்57 மைக்கை ஸ்னேருக்கு இரண்டு அங்குலத்தில் வைத்தோம். சிம்பல் கொஞ்சம் அடங்கியது, அவ்வளவுதான். வளவுக்கு (நடு முற்றம்) மாற்றினால் புறாச் சத்தம்.

மாதக் கடைசியில் கல்யாணத்துக்கு வீடு வேண்டும். சுவரில் ஆணி அடிக்க முடியாது.

ஆணி இல்லாமல், எந்தத் தடுப்பை டிரம்ஸிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிறுத்தினால் இந்த எதிரொலி அடங்கும்?